ஊருக்குள் தீண்டாமைக்கு எதிராக அணிதிரள்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தீண்டாமை குறித்த களஆய்வுக்குச் செல்லும்போதும், காலனி இளைஞர்களுக்கான சட்டப் பயிற்சி வகுப்புகளிலும் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது. அவரிடம் போவதற்கு முன்னும் போய்வந்த பின்னும் ஊரில் செய்ய வேண்டியவையே இதில் அதிகம்.

இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்? எங்கள் ஊரில் எல்லாரும் மாமன் மச்சானாகத்தானே பழகுகிறோம்?

அப்படிப் பழகுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் எந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பள்ளியில் படித்து, ஒரே பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள், கோவில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும்போது மட்டும் காலனியை விட்டுவிடுவார்கள். வரி வாங்காத தெருவுக்கு மண்டகப்படி கிடையாது, சாமி ஊர்வலம் வராது, திருவிழாக் கூட்டத்தில் பேச்சுரிமையும் இல்லை. சண்டை எதுவும் இல்லாததால் எல்லாம் சுமுகமாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு தரப்பு கேட்காமல் இருக்கும் வரைதான் அந்தச் சுமுகம்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்த வழக்கின் விசாரணை சென்ற திசை குறித்து இன்றும் கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் செய்தி கேட்டு ஊருக்குச் சென்ற மாவட்ட ஆட்சியரிடம் மக்கள் சொன்னவை வேறு இரண்டு: தேநீர்க் கடையில் தனிக்குவளை, அய்யனார் கோவிலுக்குள் நுழையத் தடை. தொட்டி விவகாரம் வெடிக்காமல் இருந்திருந்தால், அந்த ஊரும் ‘எல்லாரும் ஒன்றாகப் பழகும்’ ஊராகவே வெளியே தெரிந்திருக்கும்.

எங்கள் ஊரில் தீண்டாமை இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரடியாகக் கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். காலனியில் கேட்டாலும் அதுதான் வரும். எனவே கேள்வியைச் சிறு சிறு நிகழ்ச்சிகளாக உடைத்துக் கேட்க வேண்டும். கடைசியாக இறந்தவரை எந்தப் பாதையில் மயானத்துக்குக் கொண்டு போனார்கள்? ஊர்ச் சலூனில் உங்கள் பையனுக்கு முடிவெட்டுவார்களா, இல்லை பக்கத்து டவுனுக்குப் போகிறானா? பள்ளிக் கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்? அங்கன்வாடியில் சமைப்பவர் காலனிப் பெண் என்றால் ஊர்ப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா? தெருவழியே வண்டியில் போகும்போது எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறீர்கள்?

தேநீர்க் கடையை மட்டும் கேள்வியால் அறிய முடியாது. காலையில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலனிப் பெரியவர் ஒருவர் வருகிறார். பெஞ்சில் இடம் இருக்கிறது, ஆனாலும் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நிற்கிறார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் காகிதக் கப்பை எடுத்து ஊற்றி நீட்டுகிறார். அடுத்து வந்தவருக்குக் கண்ணாடி கிளாஸ் போகிறது. அவர் பெஞ்சில் அமர்ந்து செய்தித்தாளைப் பிரிக்கிறார். யாரும் யாரையும் திட்டவில்லை. ‘காகிதக் கப் சுத்தம்தானே’ என்று கடைக்காரர் விளக்கம் தரவும் இடம் இருக்கிறது. இரட்டைக்குவளை இன்று பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

பார்த்ததைத் தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெண்களிடம் பெண்களே பேச வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். தண்ணீர்க் குழாயடியிலும் களையெடுக்கும் வயலிலும் நடப்பவை ஆண்கள் மட்டும் போகும் ஆய்வில் ஒருபோதும் வெளிவந்ததில்லை.

இவையெல்லாம் சட்டப்படி குற்றமா? சாதியைச் சொல்லித் திட்டினால்தானே வழக்கு?

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்த 1955இல் ஒரு சட்டம் வந்தது; 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. நம் ஊர்களில் எல்லா வழக்குகளையும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்று சொல்லும் வழக்கம் அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்திலிருந்து வந்ததே. இன்று பெரும்பாலான புகார்கள் பதிவாவது 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்தான்.

அந்தச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. மயானம், குளம், கிணறு, பொதுப்பாதை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, பொது இடத்தில் சைக்கிளோ பைக்கோ ஓட்டுவதையும் செருப்பு அணிவதையும் தடுப்பது, திருமண ஊர்வலத்தைத் தடுப்பது, பொதுக் கோவிலுக்குள் விடாதது, ஊர் விலக்கம் செய்வது ஆகிய அனைத்தும் அதில் பெயர் சொல்லிக் குற்றங்களாக்கப்பட்டுள்ளன. பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரால் திட்டுவது இந்தப் பட்டியலில் ஒன்று மட்டுமே. திட்டியதைத் தவிர வேறெதையும் மனுவில் எழுதாமல் விடுவதால் பல வழக்குகள் வலுவிழக்கின்றன. பாதையை மறித்தார்கள் என்றால் அதையே முதலில் எழுத வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் ஒருவர் புகார் கொடுத்தால் போதாதா? சங்கம் எதற்கு?

சட்டப்படி போதும். ஆனால் புகார் கொடுத்தவர் மறுநாள் காலையில் அதே ஊரில்தான் எழுந்திருக்க வேண்டும். அவருக்கு நிலம் இல்லை. கூலி வேலை புகாருக்கு உள்ளானவரின் தோட்டத்தில். மாட்டுக்குப் புல் அவருடைய வரப்பில். சாட்சி சொல்ல வேண்டியவர்களின் நிலையும் இதுவே. வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதற்கு வெகு முன்பே ஊரில் தோற்றுவிடுவது இதனால்தான்.

தஞ்சைப் பகுதியில் 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற விவசாயிகள் சங்கத் தலைவர்கள் பண்ணையாட்களைத் திரட்டியபோது, அவர்களுக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்ட சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது சங்கம் வைத்துப் பண்ணையாரோடு ஒப்பந்தம் போட்டதால். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் அதே சங்கத்தின் மீதிருந்த ஆத்திரத்தால்தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சங்கம் ஆபத்தை முற்றிலும் நீக்கிவிடாது. ஒருவர் மீது மட்டும் விழும் சுமையை அது பலர் மீது பகிர்ந்து வைக்கிறது. அதிகாரிகளிடம் கையெழுத்துப் போட்டுப் பேச ஒரு பெயரையும் தருகிறது.

காவல் நிலையத்தில் மனுவையே வாங்க மாட்டேன் என்கிறார்களே?

மனுவை வாங்கிக்கொண்டு மனு ஏற்பு ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவது இன்னும் பரவலான உத்தி. இச்சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பதிவு செய்த அறிக்கையின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். நிலையத்தில் மறுத்தால், அன்றைய தினமே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனுவை அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

விசாரணை அதிகாரி துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் அந்தப் பிரிவு பாயும் என்பதால் நடைமுறையில் அது அரிதாகவே பயன்படுகிறது. மனுவில் அதைக் குறிப்பிடுவதற்கு மட்டும் நல்ல பலன் இருக்கிறது.

தாசில்தார் அமைதிக் கூட்டம் போட்டு, சமாதானமாகப் போகச் சொல்கிறார். போகலாமா?

கூட்டத்துக்குப் போங்கள், வழக்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். இச்சட்டத்தின் குற்றங்கள் தரப்பினர் தமக்குள் சமரசம் பேசி முடித்துக்கொள்ளக் கூடியவை அல்ல. அமைதிக் கூட்டத்தில் பேச வேண்டியது இனி என்ன நடக்கும் என்பதைப் பற்றி: எந்தத் தேதியில் பாதை திறக்கும், எந்தத் திருவிழாவில் யார் யார் எப்படிப் பங்கேற்பார்கள், மீறினால் யார் பொறுப்பு என்பனவற்றை எழுத்தில் கேளுங்கள்.

இரு தரப்பையும் சமமான குற்றவாளிகளாக வைத்து, ‘நீங்களும் போகாதீர்கள், அவர்களும் மறிக்கக் கூடாது’ என்று எழுதப்படும் தீர்மானம் தீண்டாமைக்கு அரசு முத்திரை குத்துவதாகும். அப்படிப்பட்ட தாளில் கையெழுத்துப் போட மறுப்பது உங்கள் உரிமை.

நாங்கள் புகார் கொடுத்த அன்றே எங்கள் மீதும் வழக்குப் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

எதிர் வழக்கு என்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் நடப்பது. அதிர்ச்சி அடைய வேண்டாம். சமரசத்துக்குத் தள்ளுவதே அதன் நோக்கம். பட்டியல் சாதியினர் மீது பொய்யான, துன்புறுத்தும் நோக்கிலான வழக்குத் தொடுப்பது தனிக் குற்றம் என்று இதே சட்டத்தின் 3(1)(p) பிரிவு சொல்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. நீங்கள் மனு கொடுத்த நேரம், அவர்கள் கொடுத்த நேரம், காயச் சான்றிதழில் பதிவான நேரம் ஆகியவையே பெரும்பாலும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

15ஏ பிரிவின்படி ஜாமீன் மனு உட்பட நீதிமன்ற நடவடிக்கை ஒவ்வொன்றையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவருடைய தரப்பையும் கேட்க வேண்டும். அரசு வழக்கறிஞர் மீது நம்பிக்கை இல்லையென்றால், இச்சட்டத்துக்கான விதிகளில் 4(5)இன்படி அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரை நியமிக்கும்படி ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

ஊரே சேர்ந்து வேலை தராமல், கடையில் சாமான் தராமல் விட்டால் எப்படிப் பிழைப்பது?

சட்டப்படி இது குற்றம் என்பதை மேலே சொன்னேன். ஆனால் சட்டம் வரும்வரை அடுப்பு எரிய வேண்டும். ஆகவே கோரிக்கையை வெளியே வைக்கும் முன்பே இதற்குத் தயாராக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அறுவடைக்குச் சற்று முன்பு கேட்டால், வேலை செய்பவர்களின் கை ஓங்கியிருக்கும். வேலையற்ற கோடையில் கேட்டால் முதல் வாரமே பசி வந்துவிடும். பக்கத்து ஊர்களில் உள்ள உறவினரிடம் கூலி வேலைக்கு முன்னதாகவே பேசி வையுங்கள். நூறு நாள் வேலை என்று நாம் அழைக்கும் திட்டத்தில் எழுத்துப்பூர்வமாக வேலை கேட்டு ரசீது வாங்குங்கள். மகளிர் குழுச் சேமிப்பிலிருந்து அரிசி, பருப்பு, பால்மாவு வாங்கி இருப்பு வைத்த தெருக்கள் தாக்குப்பிடித்திருக்கின்றன.

விலக்கம் தொடங்கியதும் அதையும் தனிக் குற்றமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகை 2016ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றத்தைப் பொறுத்து ₹85,000 முதல் ₹8,25,000 வரை என்று நிர்ணயிக்கப்பட்டது. அதைப் பெறத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழக்குப் பதிவான கட்டத்திலிருந்தே பகுதி பகுதியாக வழங்கப்பட வேண்டும்.

எங்களுக்கென்று தனிக் கோவில் இருக்கிறது. ஊர்க் கோவிலுக்குள் போய்த்தான் ஆக வேண்டுமா?

வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். சாமி கும்பிடாதவர்கள்கூட இந்தப் போராட்டத்தில் நிற்பது, தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்பதை நிலைநாட்டுவதற்காகத்தான். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயருடன் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தார்கள். அதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும், 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மனை வணங்கக் காவல்துறைப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. அதே ஆண்டு விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்களை உள்ளே விடுவது குறித்த தகராறில் திரௌபதியம்மன் கோவில் பூட்டிச் சீல் வைக்கப்பட்டது.

‘சொந்தக் குலக் கோவில்’ என்ற வாதம் அடிக்கடி வரும். பொதுமக்கள் வழிபடும் கோவில் என்றால் அந்த வாதம் நிற்காது. அறநிலையத் துறை ஆவணம், வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு நிலமா என்ற விவரம், திருவிழா அழைப்பிதழ்கள் ஆகியவற்றைச் சேகரித்த பிறகு தேதி குறியுங்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் பதவி எங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. இனி என்ன போராட்டம்?

மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் உள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996இல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட பிறகு பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடப்படவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் மேலும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இன்றைய வடிவம் வேறு. தலைவர் நாற்காலியில் உட்காருவதில்லை, கையெழுத்தை மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள், காசோலைப் புத்தகம் துணைத்தலைவர் வீட்டில் இருக்கிறது. 2022 சுதந்திர தினத்துக்கு முன், பட்டியல் சாதித் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதிசெய்யும்படி ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்கிறது. தலைவரின் பணியைத் தடுப்பதும் இச்சட்டத்தில் குற்றமே. தலைவரைத் தனியே விடாமல், கிராமசபை நாளில் காலனி முழுவதும் போய் உட்காருவதுதான் சங்கம் செய்யக்கூடிய முதல் உதவி.

எங்கள் ஆட்களே விரும்பித்தான் சாவுக்குப் பறையடிக்கப் போகிறார்கள். அதையும் நிறுத்த வேண்டுமா?

கடினமான கேள்வி, காலனிக்குள்ளேயே சண்டை மூட்டுவது. பறை நம் கலை, மேடையில் பெருமையோடு இசைக்கப்பட வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்னின்ன குடும்பத்தார்தான் வர வேண்டும், இழவுச் செய்தி சொல்ல வேண்டும், குழி வெட்ட வேண்டும், கூலியை அவர்கள் கொடுப்பதாக ஏற்க வேண்டும், மறுத்தால் தண்டம் என்றால் அது அடிமை வேலை. பிணத்தையோ செத்த மாட்டையோ அப்புறப்படுத்தவும் குழி வெட்டவும் வைப்பது சட்டத்தில் குற்றம்.

விருப்பமா கட்டாயமா என்பதை அறிய ஒரு வழி உண்டு. அடுத்த சாவுக்கு வர இயலாது என்று ஒருவர் சொல்லட்டும். வேறு ஆள் தேடிக்கொண்டால் அது தொழில். வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டால் அது கட்டாயம்.

இந்தச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்கிறார்களே?

2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் இதே கவலையைச் சொல்லி, வழக்குப் பதிவுக்கும் கைதுக்கும் கட்டுப்பாடுகள் விதித்தது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் அமைப்புகள் முழு அடைப்பு நடத்தின. நாடாளுமன்றம் அதே ஆண்டு 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019இல் நீதிமன்றம் தன் கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று புதிய பிரிவும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

விடுதலையில் முடிந்த வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று கணக்கிடுவது தவறு. சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள் என்பதைச் சங்கம் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன். அதே நேரத்தில், வாய்க்கால் தகராறையோ கடன் தகராறையோ இச்சட்டத்துக்குள் இழுக்கச் சொல்லி யாராவது வந்தால், சங்கம் மறுத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு வழக்கு அடுத்த பத்து உண்மையான புகார்தாரர்களை அவநம்பிக்கையோடு பார்க்க வைக்கும்.

நாங்கள் கிறித்தவர்கள். தனிக் கல்லறை, தேவாலயத்தில் தனி வரிசை எல்லாம் உண்டு. எங்களுக்குச் சட்டம் பொருந்துமா?

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குக் கிடைப்பது கடினம். இது அப்பட்டமான அநீதி. மதம் மாறியதால் ஊர்க்காரர்கள் சாதியை மறந்துவிடவில்லை. 17ஆவது பிரிவும் பொதுவான குற்றவியல் சட்டங்களும் உங்களுக்கும் உண்டு. மறைமாவட்டத்துக்கு எழுத்தில் முறையிடுவதையும் விடாதீர்கள்.

காலனிக்குள்ளேயே அருந்ததியர் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அதைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்கிறார்கள்.

பேசாமல் இருந்தால்தான் கெடும். இரு தரப்பும் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அங்கே பொருந்தாது. ஆகவே சங்கம்தான் முழுப் பொறுப்பு. அருந்ததியருக்கு 2009இல் தமிழ்நாட்டில் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்ததும், 2024இல் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீட்டை ஏற்றதும், அடுக்குக்குள் அடுக்கு இருப்பதை ஒப்புக்கொண்டதால்தான். நிர்வாகக் குழுவில் அருந்ததியர் குடும்பங்களுக்கு இடம் கொடுங்கள். கூட்டத்தை அவர்கள் தெருவில் நடத்துங்கள். தேநீரை அவர்கள் வீட்டில் போடுங்கள். யார் குடிக்காமல் எழுந்து போகிறார் என்பது அன்றே தெரியும்.

நான் வேறு சாதிக்காரன். எனக்கு இதில் என்ன வேலை?

உங்களால் போக முடிந்த இடத்துக்குக் காலனிக்காரர் போக முடியாது: உங்கள் சொந்தத் தெருக் கூட்டம். அங்கே பேசுங்கள். தேநீர்க் கடையில் உங்களுக்குக் கண்ணாடி கிளாஸ் வந்தால், பக்கத்தில் நிற்பவருக்கும் அதிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கண்ணால் கண்டதைச் சாட்சியாகச் சொல்லுங்கள். ஊர்த்தெருவிலிருந்து வரும் ஒரு சாட்சியின் மதிப்பை எந்த வழக்கறிஞரிடமும் கேட்டுப் பாருங்கள். காலனிக்கு வந்து தலைமை தாங்குவது மட்டும் வேண்டாம்.

ஒரு தடவை ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தைப் பாருங்கள். 1989 கலவரத்தை ஒட்டி எழுந்த சுவர், தலித் மக்களைப் பொதுப்பாதையிலிருந்து பிரித்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் பிரச்சினையை வெளியே கொண்டு வந்த பிறகு, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்தது. அதோடு முடியவில்லை. எதிர்ப்பும் மோதலும் வழக்குகளும் தொடர்ந்தன. 2011 அக்டோபரில் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன; அடுத்த மாதம்தான் தலித் மக்கள் முத்தாலம்மன் கோவிலுக்குள் சென்று வழிபட்டார்கள். சுவர் இடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேல்.

பாதை திறந்ததும் பெரும்பாலான சங்கங்கள் கூடுவதை நிறுத்திவிடுகின்றன. திறந்த பாதையில் அடுத்த மழைக்காலத்தில் வைக்கோற்போர் வந்து நிற்கும். பிறகு முள்வேலி வரும். ஆகவே திறந்த முதல் வாரத்திலேயே பாதையை அளந்து, கிராமசபைத் தீர்மானத்தில் ஏற்றி, ஊராட்சிப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது ஆட்சியர் தலைமையில் கூட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் உங்கள் ஊரின் நிலையை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஓராண்டு கழித்து, முதல் களஆய்வில் கேட்ட அதே கேள்விகளை, முடிந்தால் அதே வீடுகளில், மறுபடியும் கேட்டுக் குறிப்பேட்டில் பழைய பதிலுக்கு எதிரே எழுதி வையுங்கள்.